கிளினிக்கில் ஆய்வுப் படிவம் தந்தால்: திருகோணமலைத் தாய்மார் கேட்ட கேள்விகள்

நான் டொக்டர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது ஊர் மிட்வைஃபாக, மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் பல வருடம் வீடு வீடாகப் போனவள். ஓய்வு பெற்ற பிறகு, தாய்மாரையும் பிறந்த பிள்ளைகளையும் பற்றிய ஆய்வுகளில் சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது தாய்மாரும் அவர்களோடு வரும் அம்மாமாரும் மாமிமாரும் கேட்ட கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு வாசித்துப் பார்த்து, டொக்டர்மாரிடம் கேட்டு, அடுத்த கிளினிக்குக்குத்தான் பதில் கொண்டுபோனேன்.

"என்னைய ஏன் எடுத்தவங்க? எனக்கு ஏதும் வருத்தமா?"

பெரும்பாலும் இல்லை. ஆய்வுக்கு என்று ஒரு வரையறை இருக்கும். முதல் பிள்ளை, 20 வாரத்துக்குள் பதிந்தவர், இரட்டைப் பிள்ளை இல்லை என்று ஏதாவது. அதற்குள் வருகிற எல்லோரையும் கேட்பார்கள். உங்களிடம் ஒரு குறை கண்டுதான் கேட்கிறார்கள் என்றால் அதை முதலில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நேரே கேளுங்கள்: "எனக்கோ பிள்ளைக்கோ ஏதும் பிரச்சினை இருக்கிறதால கேட்கிறீங்களா?"

வழமையான கிளினிக்கிலிருந்து ஆய்வு எப்படி வேறு?

கிளினிக்கில் பிரஷர் பார்ப்பது உங்களுக்காக. ஆய்வில் அதே அளவை உங்களுக்குப் பின்னால் வரப்போகிற ஒரு தாய்க்காகவும் எழுதி வைக்கிறார்கள். சில ஆய்வுகளில் பார்ப்பதும் எழுதுவதும் மட்டும்தான்: எத்தனை பேருக்கு இரத்தச் சோகை, பிள்ளை என்ன நிறையில் பிறந்தது என்று. வேறு சில ஆய்வுகளில் ஒரு மருந்தையோ ஒரு பராமரிப்பு முறையையோ கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாவது வகையில்தான் நிறையக் கேள்வி கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் நல்லது என்று முடிவான வைத்தியம்தானே? அதை இங்கே தந்துவிட்டுப் போகலாமே, ஏன் மறுபடி எங்களில் செய்து பார்க்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை ஒரு மாமி கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். அவருக்கு நான் இரண்டு கதை சொன்னேன்.

முதலாவது, பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் குளிர வைப்பது. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்து, உடம்பின் வெப்பத்தை 33.5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறக்கி, 72 மணித்தியாலம் அப்படியே வைத்திருப்பார்கள். பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இறப்பும் ஊனமும் குறைந்தன. அங்கே இது வழமையான சிகிச்சையாகவே ஆகிவிட்டது. நல்ல வைத்தியம்தானே, தெற்காசியாவுக்கும் கொண்டு வரலாம் என்று பலர் சொன்னார்கள். அதற்கு முன் சோதித்துப் பார்க்க, ஹீலிக்ஸ் என்ற ஆய்வு இந்தியா, பங்களாதேஷ், நம் இலங்கை மூன்றிலும் 408 பிள்ளைகளோடு நடந்தது. நடந்த இடங்களும் சின்ன ஆஸ்பத்திரிகள் இல்லை, சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய வைத்தியசாலைகள். 2021ல் முடிவு வந்தது. குளிர வைத்த பிள்ளைகளில் 100க்கு 42 பேர் இறந்திருந்தார்கள். வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 31 பேர்.

அந்த எண்களை முதன்முதல் வாசித்த அன்று எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. பாதிப்பு வயிற்றில் இருக்கும்போதே நாள்பட ஆரம்பித்திருக்கலாம், கிருமித் தொற்று கூட இருந்திருக்கலாம் என்று காரணங்களைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள். அது எப்படியிருந்தாலும், இங்கே சோதிக்காமல் அந்த வைத்தியத்தை இறக்கியிருந்தால் கூடுதலாகப் போகிற உயிர்களை யாரும் கணக்கே எடுத்திருக்க மாட்டார்கள். "பிள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று நாமும் அழுதுவிட்டு விட்டிருப்போம்.

இரண்டாவது கதை, குறைமாதத்தில் வலி வந்தால் தாய்க்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி. பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முற்றுவதற்கான மருந்து. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரண்டு டொக்டர்கள் 1972ல் இதை வெளியிட்டார்கள். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய ஊசி. அதைக் கிராமம் வரைக்கும் கொண்டுபோவோம் என்று இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, ஆர்ஜென்டினா, குவாத்தமாலா ஆகிய 6 நாடுகளில், ஏறக்குறைய ஒரு இலட்சம் பிரசவங்களை உள்ளடக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2015ல் வந்தது. மிகச் சிறிய பிள்ளைகளின் இறப்பு குறையவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு 3.5 பிள்ளைகள் கூடுதலாக இறந்திருந்தன. தாய்மாருக்குத் தொற்று ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டதும் கூடியிருந்தது.

ஊசி கெட்டதா? இல்லை. பல இடங்களில் வயிற்றில் பிள்ளைக்கு எத்தனை வாரம் என்பதே சரியாகத் தெரியாது. ஊசி பெற்ற தாய்மாரில் நிறையப் பேர் மாதம் நிறைந்துதான் பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனம் மறுபடியும் சோதித்தது. இந்த முறை ஸ்கேன் செய்து வாரத்தை உறுதிப்படுத்தி, குறைமாதப் பிள்ளையைப் பராமரிக்க வசதி உள்ள 29 ஆஸ்பத்திரிகளில் மட்டும். பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தானில் 2852 தாய்மார் சேர்ந்தார்கள். 2020ல் வந்த முடிவின்படி ஊசி பெற்றவர்களின் பிள்ளைகளில் 100க்கு 19.6 பேரும், பெறாதவர்களின் பிள்ளைகளில் 23.5 பேரும் இறந்திருந்தனர். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஒரே வகை ஊசிதான். எந்த இடத்தில், யார், எந்த வாரத்தில் போடுகிறார்கள் என்பதில் முடிவு தலைகீழாகிறது. கடைசி மாதவிடாய்த் திகதியை நான் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரித்தது இதற்காகத்தான். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இலங்கையில் தாய் இறப்பு குறைவு என்கிறார்கள். அப்படியென்றால் ஆய்வுக்காரர் எங்களை எப்படி "வளம் குறைந்த" இடம் என்கிறார்கள்?

நாடு செய்தது பெரிய காரியம். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது சுமார் 30. களுத்துறையில் 1926ல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது, பிறகு ஊருக்கு ஊர் மிட்வைஃப் வந்தது, ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரிக்குள் வந்தது, ஒவ்வொரு தாய் இறப்பையும் எடுத்து ஏன் நடந்தது என்று ஆராய்வது. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த 30. என் வேலையும் அதற்குள் ஒரு துளி என்ற பெருமை எனக்கு உண்டு.

ஆனால் நாட்டுச் சராசரி ஒன்று, வெருகலிலோ புல்மோட்டையிலோ இராத்திரி வலி வந்த தாயின் நிலை இன்னொன்று. கிண்ணியாப் பாலம் 2009ல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவையில் ஏற்றித்தான் மறுகரை. மூதூரிலிருந்து என்றால் கொட்டியாரக் குடாவைத் தாண்ட லோஞ்சு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு தடவை இறங்குதுறையில் ஒரு தாயோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பிரஷர் ஏறிக்கொண்டு போனது. நான் அளந்து எழுதுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள், ஆனால் அந்த எண்கள் இன்னும் எனக்கு மனப்பாடம்.

தாய் இறப்பை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்று சொல்வார்கள். வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், வழியில் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் சிகிச்சை கிடைக்கத் தாமதம். பாலம் வந்து இரண்டாவதைக் குறைத்தது. முதலாவதை எந்தப் பாலமும் குறைக்காது.

மின்சாரமும் ஒரு வளம்தான். பிள்ளை பிறந்தவுடன் இரத்தம் போகாமல் இருக்கப் போடும் ஒக்சிடோசின் ஊசியைக் குளிரூட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். 2022ல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை நாம் மறக்கவில்லை. வெப்பத்தைத் தாங்கும் கார்பிடோசின் என்ற ஊசியை 10 நாடுகளில் 29,645 தாய்மாரில் சோதித்து, இரத்தப் போக்கைத் தடுப்பதில் அது ஒக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று 2018ல் காட்டினார்கள். திருகோணமலை வெயிலில் வேலை செய்த யாருக்கும் அந்த ஆய்வின் அருமை புரியும்.

பயப்படுத்துகிற கதையாகவே சொல்கிறீர்களே. நல்லது நடந்த ஆய்வு இல்லையா?

நிறைய இருக்கிறது.

1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கக் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரேய் என்ற டொக்டர் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று இப்போது வாட்டில் சொல்கிறார்களே, அதுதான். இல்லாமையில் பிறந்த வழி. பிள்ளையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதை ஆரம்பித்தால் என்ன என்று இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் சோதித்தார்கள். 1.8 கிலோவுக்குக் குறைந்த 3211 பிள்ளைகள். முடிவு 2021ல் வெளியானது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 15.7 பேரிலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. தாய் பக்கத்தில் இருக்க ஒரு கட்டில் வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை சிசுப் பிரிவில், தாய் வேறு வாட்டில் என்று பிரித்து வைக்கும் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம்.

இரத்தப் போக்கு இன்னொன்று. 2017ல் வந்த ஆய்வில் 21 நாடுகளின் 20,060 தாய்மார். டிரனெக்சாமிக் அமிலம் என்ற பழைய, மலிவான மருந்தை மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப் போக்கால் இறப்பது மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பிறகு 2023ல் கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த இன்னோர் ஆய்வு வந்தது. அதில் புது மருந்தே கிடையாது. தாய்க்குக் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. எவ்வளவு இரத்தம் போனது என்று கண்ணால் மட்டுக்கட்டாமல் அளந்து பார்ப்பது, அளவு மீறினால் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் ஒரேயடியாகச் செய்வது. கடுமையான இரத்தப் போக்கும் அதனால் வரும் சத்திரசிகிச்சையும் இறப்பும் சேர்ந்து 100க்கு 4.3லிருந்து 1.6 ஆக இறங்கின. நாங்கள் அந்தக் காலத்தில் துணி நனைந்ததை வைத்து "கொஞ்சம்தான்" என்று எழுதுவோம். எத்தனை தடவை அது கொஞ்சமாக இருந்திருக்காது என்று இப்போது யோசிக்கிறேன்.

மருந்தா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது? நான் கேட்டு வாங்கலாமா?

முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரித்தான். இப்போது கணினி குலுக்குகிறது. படிவத்தில் "எழுமாற்று ஒதுக்கீடு" என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை வாசித்து விளங்கிக்கொண்ட ஒரு தாயைக்கூட நான் காணவில்லை, சீட்டு என்றால் எல்லோருக்கும் விளங்கும். டொக்டர் தானே தெரிவு செய்தால் பலவீனமான தாய்க்கு மருந்தும் திடமான தாய்க்கு மருந்தின்மையும் போய்விடும். கடைசியில் மருந்து வேலை செய்ததா, உடம்பு திடமாக இருந்ததா என்று பிரித்தறிய முடியாது.

சில ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் ஒரு முழு ஆஸ்பத்திரிக்கோ ஒரு சுகாதாரப் பிரிவுக்கோ சீட்டு விழும். விரிப்பு ஆய்வு அப்படித்தான் நடந்தது.

சும்மா சீனி மாத்திரையைத் தந்து ஏமாற்றுவார்களா?

மருந்துப்போலி என்பது இருக்கிறது. அது தரப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏமாற்று இல்லை. சொல்லாமல் தந்தால்தான் ஏமாற்று. மேலே சொன்ன டிரனெக்சாமிக் ஆய்வில் இரத்தத்தை நிறுத்தும் வழமையான சிகிச்சை எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்தது. அதற்கு மேலாகத்தான் மருந்தோ போலியோ.

ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எச்ஐவி உள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை சிடோவுடின் மருந்து பெருமளவு தடுக்கிறது என்று 1994ல் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் தாய்லாந்திலும் ஆபிரிக்காவிலும் சில ஆய்வுகளில் ஒரு பகுதித் தாய்மாருக்குப் போலி கொடுத்தார்கள். ஏழை நாட்டுக்கு மலிவான குறுகிய கால முறை பலன் தருமா என்று பார்க்க வேறு வழி இல்லை என்பது அவர்கள் வாதம். தங்கள் நாட்டில் செய்யத் துணியாததை ஏன் இன்னொரு நாட்டில் செய்கிறீர்கள் என்று 1997ல் மருத்துவ உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. என் மனம் அன்றும் இன்றும் இரண்டாவது பக்கம்தான். ஆகவே கேளுங்கள்: "மருந்து விழாதவர்களுக்கு என்ன சிகிச்சை?" வழமையாகக் கிடைப்பதைவிடக் குறைவு என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்? நானா, அவரா?

நீங்கள். கணவரோடும் மாமியோடும் பேசி முடிவெடுப்பது நம் வழக்கம், அதில் பிழை இல்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போய் ஆறுதலாக வாசித்துவிட்டு வாருங்கள், அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். ஆனால் அவர் "ஓம்" என்று நீங்கள் "வேண்டாம்" என்றால், வேண்டாம் என்பதுதான் முடிவு. எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் சாட்சி ஒருவர் முன்னால் வாசித்துக் காட்டி, பிறகு கைநாட்டு வாங்க வேண்டும்.

வலி வந்து வாட்டில் துடிக்கும்போது நீட்டுகிற படிவம் எனக்குப் பிடிக்காத ஒன்று. பிரசவ நேரத்து ஆய்வு என்றால் ஏழாம், எட்டாம் மாதக் கிளினிக்கிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும், விளக்குகிறவரும் தமிழில் பேச வேண்டும். சிங்களத்தில் சொல்லிவிட்டு "விளங்கினதா" என்று கேட்டால் தலையாட்ட வேண்டாம்.

மாட்டேன் என்றால் கிளினிக்கில் முகம் சுளிப்பார்களா?

சுளிக்கக் கூடாது. உங்கள் சிகிச்சையோ திரிபோஷாச் சத்துமாவோ எதுவும் குறையக் கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

காசு தருவார்களா?

பயணச் செலவு தரலாம். அதற்கு மேல் பெரிய தொகை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

எடுத்த இரத்தம் எங்கே போகிறது?

படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். எந்த ஆய்வுகூடம், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், நாட்டுக்கு வெளியே போகுமா. சேமித்து வைப்பதற்குத் தனியாகச் சம்மதம் கேட்பார்கள். ஆய்வில் சேர்ந்துகொண்டு அதற்கு மட்டும் மறுக்கவும் முடியும்.

துடக்கு வீட்டுக்கு ஆய்வுக்காரர் வரலாமா?

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிறந்து முதல் 28 நாளைத்தான் சிசுப் பருவம் என்று கணக்கெடுக்கிறார்கள். அதில் நடக்கும் இறப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது. நம் 31 நாள் துடக்கும், கிண்ணியா மூதூர் முஸ்லிம் வீடுகளின் 40 நாளும் சரியாக அந்த நாட்களை மூடிக்கொள்கின்றன. அதோடு தலைப்பிள்ளை என்றால் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆய்வுக்காரர் நிலாவெளி வீட்டுக்கு வந்து தட்டுவார், பிள்ளை தம்பலகாமத்தில் இருக்கும். பதிவேட்டில் "தொடர்பு இல்லை" என்று விழும். அப்படி விழுகிற பிள்ளைகளில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் அந்த ஆய்வின் கணக்கே பிழைத்துவிடும்.

ஆகவே இரண்டு வீட்டு விலாசத்தையும் கொடுங்கள். துடக்கைக் கைவிடச் சொல்லவில்லை. வாசலில் வைத்துப் பிள்ளையை நிறுக்கலாம், பெண் ஒருவரையே அனுப்பச் சொல்லலாம். நான் பழைய ஆள், நானும் கேட்டு, வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

தொப்புளில் பூசுவதையும் பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு மருந்து குடிப்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஏசுவார்களே.

கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் ஆய்வு பொய்யாகும். தொப்புள்கொடியில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பூசினால் பிள்ளை இறப்பு குறைகிறது என்று நேபாளம், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆய்வுகள் காட்டின. சாம்பியாவிலும் தன்சானியாவின் பெம்பா தீவிலும் பலன் தெரியவில்லை. தொப்புளில் கேடான பொருட்களைப் பூசும் வழக்கம் பரவலாக உள்ள இடங்களுக்குத்தான் அது. ஆஸ்பத்திரியில் பிறந்த நம் பிள்ளைக்குத் தொப்புளைச் சுத்தமாக, காய்ந்தபடி விட்டால் போதும். சாம்பல், எண்ணெய், மஞ்சள் ஒன்றும் வேண்டாம்.

உண்மையான ஆய்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம் படிவத்தில் இருக்க வேண்டும். மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் பதிவிலக்கமும் இருக்க வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006ல் தொடங்கிய பதிவகம் ஒன்று இருக்கிறது, யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளில் ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து இலக்கத்தை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முடிவு எங்களுக்குத் தெரியவருமா?

தெரியவர வேண்டும், பெரும்பாலும் வருவதில்லை. இதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. இரத்தம் கொடுத்து, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, 28 நாளும் கதவைத் திறந்த தாய்க்கு, முடிவு வேறு நாட்டுச் சஞ்சிகையில் ஆங்கிலத்தில் வருகிறது. கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள்: "முடிவை இந்தக் கிளினிக்கில் தமிழில் வந்து சொல்வீங்களா?" நான் உதவிய ஒரு ஆய்வில் தாய்மார் பலர் இதையே கேட்டு நின்றதால், கடைசியில் வந்து கதிரை போட்டு உட்கார்ந்து சொன்னார்கள். அன்று வந்திருந்த பிள்ளைகள் ஓடித் திரிகிற வயசு.

ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். இராத்திரி திடீரென்று தலையிடி, கண் மங்கல், அல்லது இரத்தம் போகிறது. ஆய்வுக்காரரின் நம்பருக்கு எடுக்கவா?

இல்லை. முதலில் 1990. இலவச அம்புலன்ஸ், திருகோணமலை மாவட்டத்துக்கும் வரும். கர்ப்பவதி அட்டையையும் ஆய்வுப் படிவப் பிரதியையும் ஒரே பையில் வைத்திருங்கள், ஏறும்போது பையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன மருந்தில் இருக்கிறீர்கள் என்று வாட்டில் உள்ள டொக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆய்வுக்காரருக்கு விடிந்த பிறகு வீட்டுக்காரர் சொல்லட்டும்.